கோதுமையை நிறுத்துவதற்கு முன்னால் ஒரு நிமிஷம்



மே மாதத்துக்குப் பிறகு நான் இங்கே அதிகம் எழுதவில்லை. குன்னூர் கல்யாணத்தில் எடுத்த போட்டோவைப் பார்த்துவிட்டு, "டீச்சர் ஏன் இப்படி இளைச்சுப் போயிட்டீங்க?" என்று நிறைய பேர் கேட்டீர்கள். "ஒண்ணுமில்லை, கேஸ் டிரபிள்" என்று பதில் போட்டேன். அது பாதிப் பொய். இப்போது உடம்பு தேறிவிட்டது, அதனால் முழுசாகச் சொல்கிறேன். பதிவு நீளம்தான். டீ போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வயிற்று வலிக்குக் கோதுமைதான் காரணம் என்று நீங்களே முடிவு கட்டி அதை நிறுத்தாதீர்கள். சந்தேகம் இருந்தால், கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே டாக்டரிடம் போய்ப் பரிசோதனை செய்யுங்கள். நிறுத்துவதா வேண்டாமா என்பது அதற்குப் பிறகு. இந்த வரிசையை நான் தலைகீழாகச் செய்தேன். ஐந்து மாதம் வீணாகப் போனது.

போன வருடம் ஜூலை மழையில் ஆரம்பித்தது. மேல்வயிற்றில் ஒரு வலி. வெறும் வயிற்றில் எரியும், சாப்பிட்டால் உப்பும். ஊட்டி மழை உங்களுக்குத் தெரியும். பத்து நாள் வெயிலே தெரியாது, துணி காயாது, என் முட்டி இரண்டும் பிடித்துக்கொள்ளும். வயிற்றுக்கு ஓமத்தண்ணி, சீரகத்தண்ணி, மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய ஒரு மாத்திரை. முட்டிக்கும் அதே மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய இன்னொரு மாத்திரை. முட்டி மாத்திரையைக் காலையில் எழுந்ததும் கறுப்பு டீயோடு போட்டால்தான் மாடிப்படி இறங்க முடியும். இந்த வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

டிசம்பரில் உறைபனி விழ ஆரம்பித்தபோது வலி இரவில் எழுப்ப ஆரம்பித்தது. வெளிநாட்டில் இருக்கும் மகன் போனில் கேட்டான். "அம்மா, அது குளூட்டனா இருக்கும். இங்க பாதிப் பேருக்கு ஒத்துக்கறதில்ல. கோதுமையை நிறுத்திப் பாருங்க." அவன் மேல் தப்பில்லை. ஆயிரம் மைல் தள்ளி இருக்கிற பிள்ளை அம்மாவுக்கு வேறு என்ன செய்ய முடியும்? நாலு வீடியோ அனுப்பினான். பார்த்தேன். அறிவியல் டீச்சராக முப்பத்தோரு வருடம் இருந்தவள், நாலே வீடியோவில் விழுந்தேன்.

ஜனவரி முதல் வாரம் நிறுத்தினேன். சப்பாத்தி, பிரெட், ரவை உப்புமா, சேமியா, கோதுமை தோசை எல்லாம் போயிற்று. சாயங்கால டீக்குத் தொட்டுக்கொள்ளும் வர்க்கியும் போயிற்று. ஊட்டிக்காரர்களுக்கு வர்க்கியை விடுவது என்றால் என்னவென்று சமவெளியில் இருப்பவர்களுக்குப் புரியாது. அந்த வாரமே பொங்கலுக்கு ஈரோட்டில் மகள் வீட்டுக்கு இறங்கினேன். மூன்று வாரத்துக்கு மேல் இருந்தேன்.

வலி போய்விட்டது. நிஜமாகவே போய்விட்டது. நாலாவது நாளே நன்றாகத் தூங்கினேன். "என் வயிறு எனக்குத் திரும்பக் கிடைத்தது" என்று நம் குடும்ப வாட்ஸப் குழுவில் எழுதினேன். அதைப் படித்து எத்தனை பேர் கோதுமையை நிறுத்தினீர்களோ தெரியாது. அந்தப் பாவத்துக்குப் பரிகாரமாகத்தான் இந்தப் பதிவு.

பிப்ரவரியில் மலை ஏறினேன். இரண்டு வாரத்தில் வலி திரும்பி வந்தது. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். எனக்குத் தோன்றியதோ வேறு. "இன்னும் ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை." பாலை நிறுத்தினேன். பிறகு பருப்பு, தக்காளி, உருளைக்கிழங்கு. கடைசியில் ராகிக் கஞ்சியும் ரசம் சோறும்தான் மிச்சம். ஆறு கிலோ இறங்கினேன். மலம் கறுப்பாகப் போனது. தினமும் ராகி சாப்பிடுவதால் அப்படி என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மார்ச்சில் ஒரு லேபில் போய் "குளூட்டன் டெஸ்ட்" என்று கேட்டு நானே ரத்தம் கொடுத்தேன். நார்மல் என்று வந்தது. நான் இரண்டு மாதத்துக்கு மேலாகக் கோதுமை தொடவில்லை என்பதை அங்கே யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மே மாதம், மலர்க் கண்காட்சிக் கூட்டத்துக்கு நடுவில், குன்னூரில் என் பழைய மாணவியின் கல்யாணம். பந்தியில் வெறும் சோறும் ரசமும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்தவன் எட்டாம் வகுப்பில் என்னிடம் படித்தவன். இப்போது டாக்டர். பேரை எழுதினால் கோபித்துக்கொள்வான். அவன் வகுப்புத் தோழர்களுக்கு ஒரு அடையாளம் சொல்கிறேன், அவரை விதைச் சோதனை. இரண்டு தொட்டியில் விதை போட்டு, ஒன்றை வெளிச்சத்திலும் ஒன்றை இருட்டிலும் வைக்கச் சொல்லியிருந்தேன். இருட்டில் வைத்த தொட்டிக்குத் தண்ணீர் ஊற்ற மறந்துவிட்டு, "இருட்டினால் செடி செத்துப்போச்சு டீச்சர்" என்று எழுதிக்கொண்டு வந்தான். "இருட்டினாலா, தண்ணி இல்லாமலா? எப்படிடா சொல்வே? ஒரு நேரத்துல ஒண்ணைத்தான் மாத்தணும்" என்று பீரியட் முடியும்வரை நிற்க வைத்தேன்.

"டீச்சர், கண் இமையைக் கொஞ்சம் இழுத்துக் காட்டுங்க" என்றான். காட்டினேன். முகம் மாறிவிட்டது. எப்போதிலிருந்து வலி, என்ன மாத்திரை, எடை எவ்வளவு குறைந்தது என்று வரிசையாகக் கேட்டான். சீலியாக் டெஸ்ட் நார்மல் என்று பெருமையாகச் சொன்னேன்.

"கோதுமையை எப்ப நிறுத்தினீங்க?"

"ஜனவரியில."

"டெஸ்ட் எப்ப?"

"மார்ச்."

"அந்தப் பேப்பரை நம்ப முடியாது டீச்சர். சரி, ஈரோட்ல இருந்தப்ப முட்டி மாத்திரை போட்டீங்களா?"

யோசித்தேன். போடவில்லை. ஈரோட்டு வெயிலில் முட்டி வலியே இல்லை. மாத்திரைப் பட்டையைப் பெட்டியிலிருந்து எடுக்கவே இல்லை.

அவன் ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அவரை விதை, டீச்சர்" என்றான்.

பந்தியில் உட்கார்ந்து அழுத முதல் டீச்சர் நானாகத்தான் இருப்பேன்.

அந்த வாரமே கோயம்புத்தூரில் எண்டோஸ்கோப்பி. ஹீமோகுளோபின் 8.2. இரைப்பையில் புண். அதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. கறுப்பு மலம் ராகியால் வந்ததில்லை, ரத்தத்தால் வந்தது. என் வயதில் இரைப்பைப் புண் என்றால் புற்றுநோயா என்று பார்க்காமல் விட மாட்டார்கள். சதை எடுத்து அனுப்பினார்கள். முடிவு வரப் பத்து நாள். அந்தப் பத்து நாள் எப்படிப் போனது என்று எழுத எனக்கு இஷ்டமில்லை. கடைசியில் புற்றுநோய் இல்லை என்று வந்தது. ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி இருந்தது. கிருமியும் வலி மாத்திரையும் சேர்ந்து செய்த வேலை.

வயிற்றுப் புண்ணுக்குக் காரமும் கவலையும்தான் காரணம் என்று உலகமே நம்பிக்கொண்டிருந்த காலத்தில், ஆஸ்திரேலிய டாக்டர் பாரி மார்ஷல் 1984-ல் இந்தக் கிருமியைத் தானே குடித்துப் பார்த்தார். வயிறு வீங்கிப் படுத்தார். அவருக்கும் ராபின் வாரனுக்கும் 2005-ல் நோபல் பரிசு கிடைத்தது. இதை நானே வகுப்பில் சொல்லியிருக்கிறேன். சொன்னவளுக்கே வந்தபோது மறந்துபோயிற்று.

பதினான்கு நாள் ஆன்டிபயாடிக், அமிலம் குறைக்கும் மாத்திரை, ரத்தத்துக்கு இரும்புச்சத்து. முட்டிக்கு அந்த மாத்திரை கூடவே கூடாது. இப்போது பிசியோதெரபி பயிற்சியும் வெந்நீர் ஒத்தடமும்தான். ஆகஸ்டில் திரும்ப எண்டோஸ்கோப்பி பார்த்தபோது புண் ஆறியிருந்தது, கிருமியும் போயிருந்தது. அதன் பிறகு டாக்டர், "அந்தக் குளூட்டன் கேள்வியையும் முடித்துவிடலாம்" என்று ஆறு வாரம் தினமும் கோதுமை சாப்பிடச் சொல்லி, அக்டோபரில் திரும்ப ரத்தம் எடுத்தார். சீலியாக் இல்லை. ஆறு வாரமும் வலி இல்லை. சோதனைக்காகச் சாப்பிட்ட முதல் வர்க்கியின் ருசியை என்னால் சொல்ல முடியாது.

"அப்படியானால் குளூட்டன் என்பதே புரளியா டீச்சர்?" என்று இப்போது கேட்பீர்கள். அவசரப்படாதீர்கள். என் கதையில் பாதிதான் முடிந்தது.

குளூட்டன் என்பது என்ன? மைதாவைப் பிசைந்து உருண்டையாக்கி, குழாய்த் தண்ணீரில் காட்டிப் பிசைந்துகொண்டே இருங்கள். மாவுச்சத்து பால் மாதிரிக் கரைந்து போகும். கையில் ரப்பர் மாதிரி ஒன்று மிஞ்சும். பரோட்டா மாஸ்டர் மாவை வீசும்போது கிழியாமல் விரிவதற்கு அதுதான் காரணம். அந்தப் புரதம் கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் இருக்கிறது. சிலருடைய உடம்பு அதை எதிரியாக நினைத்துச் சண்டை போடுகிறது. சண்டையில் அடிபடுவது அவர்களுடைய சிறுகுடல். பத்தாம் வகுப்பில் படம் வரைந்து பாகம் குறித்தோமே, குடலுறிஞ்சிகள், அவை மழுங்கித் தட்டையாகிவிடும். என்ன சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டாது. இதுதான் சீலியாக் நோய். இது ஒவ்வாமை மாதிரி வந்து போகிற விஷயம் இல்லை, ஆயுளுக்கும் இருக்கும். ஆயுளுக்கும் குளூட்டனைத் தொடாமல் இருப்பதுதான் வைத்தியம்.

என் நாத்தனார் பேத்தி ஒருத்திக்கு இது இருக்கிறது. அவள் அம்மாவிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். கோவையில் இருந்தபோது ஐந்து வயதிலிருந்து குழந்தை வளரவே இல்லை. வயிறு மட்டும் உப்பியிருக்கும், அடிக்கடி வயிற்றுப்போக்கு, வெளுத்த முகம். பூச்சி மருந்து கொடுத்தார்கள். டானிக் கொடுத்தார்கள். "சாப்பிட அடம், அதான்" என்றார்கள். நாங்கள் பெரியவர்கள் சேர்ந்து அந்த அம்மாவைத் திட்டினோம், பிள்ளைக்குச் சோறு ஊட்டத் தெரியவில்லை என்று. குழந்தை விரும்பிச் சாப்பிட்டது பிரெட்டும் சப்பாத்தியும்தான். ஒன்பது வயதில் அப்பாவுக்கு மாற்றலாகி குர்கான் போனார்கள். அங்கே டாக்டர் முதல் நாளே அந்த ரத்தப் பரிசோதனையை எழுதினார். பிறகு எண்டோஸ்கோப்பியில் உறுதியானது. கோதுமையை நிறுத்திய முதல் வருடத்திலேயே நன்றாக உயரம் வந்தாள். வீட்டில் மற்றவர்களையும் பார்த்தார்கள். தம்பிக்கு இல்லை. அம்மாவுக்கு இருந்தது. பிரசவத்திலிருந்து பத்து வருடமாக இரும்பு மாத்திரை சாப்பிட்டும் ஏறாத ரத்தம், கோதுமையை நிறுத்திய பிறகுதான் ஏறியது.

இங்கே நாலு வருடம் தோன்றாதது அங்கே முதல் நாளே ஏன் தோன்றியது? அதற்கு ஒரு காரணம் உண்டு. டாக்டர் பி.எஸ். ராமகிருஷ்ணாவும் வேலூர் சி.எம்.சி., டெல்லி எய்ம்ஸ் முதலிய இடங்களின் மருத்துவர்களும் சேர்ந்து 2016-ல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். வடக்கு, வடகிழக்கு, தெற்கு என்று மூன்று பகுதிகளில் 23,331 பேரைப் பரிசோதித்திருந்தார்கள். சீலியாக்குக்கான எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருந்தவர்கள் வடக்கே 1.23 சதவீதம், வடகிழக்கே 0.87 சதவீதம், தெற்கே 0.10 சதவீதம். அதாவது வடக்கே ஆயிரத்தில் பன்னிரண்டு பேர், நம் பக்கம் ஆயிரத்தில் ஒருவர்.

இதை மட்டும் படித்தால் "நமக்கு வராது" என்று தோன்றும். அடுத்த கணக்கையும் பாருங்கள். இந்த நோய் வரத் தேவையான மரபணு வகை வடக்கே 38.1 சதவீதம் பேரிடம் இருந்தது, தெற்கே 36.4 சதவீதம் பேரிடம். ஏறக்குறைய ஒரே அளவு. பெரிய வித்தியாசம் தட்டில் இருந்தது. வடக்கே ஒரு ஆள் ஒரு நாளைக்குச் சாப்பிட்ட கோதுமை 455 கிராம். தெற்கே 25 கிராம். மரபணு இருக்கிற எல்லோருக்கும் நோய் வருவதில்லை, பெரும்பாலோருக்கு வராது. ஆனாலும் "சோறு தின்கிற ஜாதி, நமக்கு அது இல்லை" என்று யாரும் நிம்மதியாக இருக்க முடியாது. நம் வீடுகளில் இப்போது என்ன நடக்கிறது? காலையில் பிரெட், பிள்ளைகளின் டிபன் டப்பாவில் நூடுல்ஸ், சர்க்கரை வந்தவர்களுக்கு ராத்திரி சப்பாத்தி, ஞாயிற்றுக்கிழமை பரோட்டா. நாம் இப்போது 25 கிராம் ஆட்கள் இல்லை.

இன்னொரு பக்கம் கோதுமையையே விஷம் என்று சொல்கிறவர்கள் கிளம்பியிருக்கிறார்கள். கோதுமை நம் மலைக்குப் புதிது இல்லை. வெலிங்டனில் கோதுமை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, உங்களில் சில பேட்சை அங்கே சுற்றிக் காட்டக் கூட்டிப் போயிருக்கிறேன். துருநோயைத் தாங்கும் ரகங்களை அங்கே வளர்த்துப் பார்த்ததை மறந்திருக்க மாட்டீர்கள். படகர் வீட்டு விசேஷங்களில் துப்பதிட்டு சாப்பிடாமல் வந்திருப்போமா? எத்தனையோ பேருக்குக் கோதுமை எந்தக் கெடுதலும் செய்வதில்லை. "நவீனக் கோதுமைதான் கெட்டது, சம்பா கோதுமை நல்லது" என்பதும் சீலியாக் உள்ளவர்களுக்கு ஆபத்தான பேச்சு. சம்பா கோதுமையிலும் குளூட்டன் உண்டு.

இதற்கு நடுவில் மூன்றாவது கூட்டம் ஒன்று இருக்கிறது. சீலியாக் இல்லை, ஆனால் கோதுமை சாப்பிட்டால் நிஜமாகவே வயிறு உப்புகிறது, வலிக்கிறது. இவர்கள் நடிக்கவில்லை. ஆனால் இவர்களுக்கும் காரணம் குளூட்டன்தானா? நார்வேயில் இப்படிச் சொன்ன 59 பேரை வைத்து ஒரு சோதனை செய்து 2018-ல் வெளியிட்டார்கள். ஒரே மாதிரி இருக்கும் மூன்று வகைத் தின்பண்டம். ஒன்றில் குளூட்டன், ஒன்றில் ஃப்ரக்டான் என்ற மாவுப்பொருள், ஒன்றில் இரண்டும் இல்லை. எது எதில் என்று சாப்பிடுகிறவர்களுக்குத் தெரியாது. அதிகம் தொந்தரவு செய்தது ஃப்ரக்டான்தான். குளூட்டன் வெறும் பண்டத்தைவிட மோசமாக இல்லை. ஃப்ரக்டான் கோதுமையில் இருக்கிறது. வெங்காயத்திலும் பூண்டிலும் கூட இருக்கிறது. கோதுமையை விட்டுவிட்டு மலைப்பூண்டைக் குழம்பில் அள்ளிப் போட்டுச் சாப்பிடுகிறவருக்கு வலி எப்படிப் போகும்? அவருக்கு வேண்டியது வேறு பத்தியம், வேறு அளவு. அது தெரிய வேண்டுமென்றால் முதலில் சீலியாக் இல்லை என்பது தெரிய வேண்டும்.

"நிறுத்தினால் நன்றாக இருக்கிறது என்றால் என்ன நஷ்டம் டீச்சர்? டெஸ்ட் எதற்கு?" என்று என் தங்கையே கேட்டாள். நியாயமான கேள்வி. எனக்குத் தெரிந்த பதிலைச் சொல்கிறேன்.

சீலியாக்கைக் கண்டுபிடிக்கும் ரத்தப் பரிசோதனை குளூட்டனைப் பார்க்கவில்லை. குளூட்டனுக்கு எதிராக உடம்பு கிளப்பிய எதிர்ப்பொருள்களைப் பார்க்கிறது. எதிரியே வராவிட்டால் படை கலைந்துவிடும். குடலும் மெல்ல ஆற ஆரம்பிக்கும். நோய் இருந்தும் "இல்லை" என்று முடிவு வரும். பிறகு உண்மை தெரிய வேண்டுமென்றால் வாரக்கணக்கில் திரும்பக் கோதுமை சாப்பிட வேண்டும். எனக்கு அது வர்க்கித் திருவிழாவாக இருந்தது. நிஜமாகச் சீலியாக் உள்ளவருக்கு அது தண்டனை.

பேர் தெரியாமல் பத்தியம் இருப்பவர் பாதிப் பத்தியம்தான் இருப்பார். "ஒரு நாள் கல்யாண வீட்டில்தானே" என்று பூரி சாப்பிடுவார். சீலியாக் உள்ளவருக்கு அந்த ஒரு நாளும் கூடாது. கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலப்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? நாத்தனார் வீட்டில் சாம்பாரை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் மூன்று மாதம் சந்தேகப்பட்டார்கள். மால்ட் பானங்களிலும் சோயா சாஸிலும் கூட ஒளிந்திருக்கும். பாக்கெட்டில் "குளூட்டன் ஃப்ரீ" என்று போட வேண்டுமானால் கிலோவுக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது நம் நாட்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம். அவ்வளவு கறார். பேர் தெரிந்தால்தான் ரத்த உறவுகளையும் பரிசோதிப்பார்கள், எலும்பையும் பார்ப்பார்கள். அந்தப் பெண்ணுக்குப் பேர் தெரிந்ததால்தான் அவள் அம்மாவும் பிழைத்தாள்.

எல்லாவற்றையும்விட, எனக்கு நடந்ததைப் பாருங்கள். கோதுமை மேல் பழியைப் போட்டுவிட்டு நான் தேடுவதை நிறுத்திவிட்டேன். புண் அதன் பாட்டுக்கு ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. அது புற்றுநோயாக இருந்திருந்தால் அந்த ஐந்து மாதத்தை யார் திருப்பித் தந்திருப்பார்கள்?

சீலியாக் நோய்க்குக் கோதுமை காரணம் என்று கண்டுபிடித்தவர் கதையே இதற்குப் பாடம். நெதர்லாந்தில் வில்லெம் டிக்கே என்று ஒரு குழந்தை டாக்டர். போருக்கு முன்பே அவருக்குக் கோதுமை மேல் சந்தேகம் இருந்தது. 1944-45 குளிர்காலத்தில் நாஜிகளின் பிடியில் அந்த நாட்டில் கொடிய பஞ்சம் வந்தது. ரொட்டி கிடைக்கவில்லை. மற்றக் குழந்தைகள் வாடியபோது சீலியாக் குழந்தைகள் தேறினார்கள். ரொட்டி திரும்ப வந்ததும் படுத்தார்கள். நானாக இருந்தால் அன்றைக்கே வாட்ஸப்பில் போட்டிருப்பேன். பஞ்சத்தில் ரொட்டி மட்டுமா குறைந்தது, எல்லாமே குறைந்ததே என்று அவருக்குத் தெரியும். அதனால் போருக்குப் பிறகு சக ஆய்வாளர்களோடு சேர்ந்து, ஒரு குழந்தைக்குக் கோதுமையைச் சேர்த்து, எடுத்து, ஒவ்வொரு முறையும் எடையையும் மலத்தில் போகும் கொழுப்பையும் அளந்து எழுதினார். 1950-ல் ஆய்வேடாகக் கொடுத்தார். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும் என்ற அந்த அவரை விதைப் பாடத்தைத்தான் அவர் செய்தார்.

நான் என்ன செய்தேன்? ஒரே வாரத்தில் கோதுமையை மாற்றினேன், ஊரை மாற்றினேன், குளிரை மாற்றினேன், மாத்திரையை மாற்றினேன். மாலையைக் கொண்டுபோய்க் குளூட்டன் கழுத்தில் போட்டேன். உங்களுக்குப் பரீட்சையில் இதற்கு எத்தனை மார்க் போட்டிருப்பேன் என்று உங்களுக்கே தெரியும்.

ஆகவே டீச்சர் சொல்வதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

1. வயிற்று வலி மூன்று நாலு வாரம் விடாமல் இருந்தால் மெடிக்கல் ஷாப்பில் கேட்காதீர்கள். டாக்டரிடம் போங்கள்.

2. போவதற்கு முன் இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதுங்கள். என்ன சாப்பிட்டீர்கள், எந்த மாத்திரை போட்டீர்கள், எப்போது வலித்தது. மாத்திரையை மறக்காமல் எழுதுங்கள். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் மாதிரி வலி மாத்திரைகள் வயிற்றைப் புண்ணாக்கும்.

3. எடை குறைவது, ரத்தசோகை, தார் மாதிரிக் கறுத்த மலம் அல்லது மலத்தில் ரத்தம், விழுங்கச் சிரமம், விடாத வாந்தி, தூக்கத்தைக் கலைக்கும் வலி, அறுபது வயதுக்கு மேல் புதிதாக வந்த வலி. இவற்றில் ஒன்று இருந்தாலும் நோட்டெல்லாம் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். உடனே போங்கள்.

4. வளராத குழந்தை, இரும்பு மாத்திரைக்கும் ஏறாத ரத்தம், விடாத வயிற்றுப்போக்கு, வீட்டில் யாருக்காவது சீலியாக், குழந்தையிலேயே வந்த சர்க்கரை நோய். இப்படி இருந்தால் "சீலியாக் பரிசோதனை பார்க்கலாமா?" என்று டாக்டரிடம் நீங்களே கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு இல்லை. முடிவு வரும்வரை கோதுமையை நிறுத்தாதீர்கள்.

5. ஏற்கெனவே நிறுத்திவிட்டவர்கள் அதை டாக்டரிடம் தேதியோடு சொல்லுங்கள். எப்படி, எவ்வளவு நாள் திரும்பச் சாப்பிட்டுப் பரிசோதிப்பது என்று அவர் சொல்வார்.

6. சீலியாக் என்று உறுதியானால் பயப்படாதீர்கள். விலை கொடுத்து வெளிநாட்டுப் பாக்கெட் வாங்க வேண்டியதில்லை. அரிசி, ராகி, சாமை, தினை, சோளம் எல்லாம் நம் வீட்டுச் சாப்பாடுதான். கோதுமை அரைக்கும் மில்லில் அரைக்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

மருந்து அதிகாரத்தில் வள்ளுவர் சொன்ன வரிசையை உங்களுக்கு மனப்பாடமாகச் சொல்லிக் கொடுத்தது தமிழ் ஐயா. நோய் என்ன, அதன் காரணம் என்ன என்று பார்த்த பிறகுதான் தீர்க்கும் வழியைத் தேடச் சொல்கிறார். நான் கடைசியிலிருந்து ஆரம்பித்தேன்.

இன்றைக்கு என் எடை மூன்று கிலோ ஏறியிருக்கிறது. ஹீமோகுளோபின் 11.6. சாயங்காலம் டீக்கு ஒரு வர்க்கி, ஒன்றே ஒன்று. கறுப்பு டீ வெறும் வயிற்றில் கிடையாது. டிசம்பர் பனிக்கு முன் ஈரோட்டுக்கு இறங்கிவிடலாம் என்று மகள் சொல்கிறாள். போகலாம், ஆனால் இந்த முறை வேறு எதையும் மாற்றாமல் போகிறேன்.

எந்த டாக்டர், எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டு போன் செய்யாதீர்கள். உங்கள் ஊர் டாக்டரிடம் போங்கள், நோட்டோடு போங்கள். குடும்பக் குழுவில் என் பொங்கல் மெசேஜைப் படித்துக் கோதுமையை நிறுத்தியவர்கள் யாராவது இருந்தால், கீழே எழுதுங்கள். நானே கூப்பிட்டுப் பேசுகிறேன்.

அந்த அவரை விதைப் பையனுக்கு ஒரு வார்த்தை. அன்றைக்கு உன்னை ஒரு பீரியட் முழுக்க நிற்க வைத்தது கொஞ்சம் அதிகம்தான். உட்காருடா கண்ணு.

அன்புடன்,
உங்கள் சயின்ஸ் டீச்சர்
ஊட்டி